வயலூசிங் பூங்காவைப் பறவைகளின் வரலாற்றோடு சுற்றிப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், விஸ்கான்சின் ஆறு மிசிசிப்பி ஆற்றில் கலக்குமிடத்தில், ஏறக்குறைய 500 அடி உயரப் பாறை முகட்டின் மீது வயலூசிங் மாநிலப் பூங்கா அமைந்துள்ளது. சங்கமத்தைப் படமெடுத்துத் திரும்ப அரைமணி நேரம் போதும். ஆனால் இங்கு வாழ்ந்து மறைந்த, மறைந்து மீண்ட பறவைகளின் கதையையும் சேர்த்து அறிய விரும்புவோர் ஒரு முழு நாளை ஒதுக்கி, முகட்டில் தொடங்கி ஆற்றை நோக்கி இறங்குவது நல்லது. வாகனத்திற்கான அனுமதிச் சீட்டை நுழைவிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் முகட்டிலுள்ள, இன்று உலகிலேயே அற்றுப்போன வட அமெரிக்கப் பறவையான பயணப் புறாவின் நினைவுச் சின்னத்திற்குச் செல்லுங்கள். கல்லில் பதித்த வெண்கலப் பட்டயத்தை, 1899 செப்டம்பரில் பாப்காக் என்ற ஊரில் சுடப்பட்ட மாநிலத்தின் கடைசிப் பயணப் புறாவுக்காக, விஸ்கான்சின் பறவையியல் சங்கம் 1947இல் நிறுவியது. இந்த இனம் அழிந்ததற்கு மனிதனின் பேராசையும் சிந்தனையின்மையுமே காரணம் என்று அதில் ஒளிவுமறைவின்றிப் பொறித்திருக்கிறார்கள்; அரசுப் பூங்கா ஒன்றில் இவ்வளவு நேர்மையான வாசகத்தைக் காண்பது அரிது. 1871இல் இம்மாநிலத்தில் மட்டும் சுமார் 850 சதுர மைல் பரப்பில் 13.6 கோடி புறாக்கள் கூடு கட்டியதாக மதிப்பிடப்பட்டுள்ளது. புறாக்கள் இறங்கிய இடத்தைத் தந்தி அறிவிக்க, வேட்டைக்காரர்கள் ரயிலேறி வந்து, கொன்றவற்றைப் பீப்பாய்களில் அடைத்து நகரங்களுக்கு அனுப்பினர். கூட்டுக்கு ஒரே முட்டையிடும் பறவையால் அந்த வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

அங்கிருந்து சென்டினல் முகட்டுப் பாதையில் படகுத்துறை வரை இறங்கலாம். வழியிலுள்ள மண்மேடுகள் தொல்குடிகள் எழுப்பியவை. அவற்றின் மீது ஏறக் கூடாது. காட்டு வான்கோழி குறுக்கிட்டால் சற்று நின்று பாருங்கள்: வேட்டையாலும் காடழிப்பாலும் இம்மாநிலத்தில் அற்றுப்போன அப்பறவையை, 1976இல் மிசௌரியிலிருந்து கொண்டுவந்து மீண்டும் விட்டனர். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி மருந்தால் முட்டை ஓடு மெலிந்து அருகிய வெண்தலைக் கழுகும், 1972இல் அம்மருந்து தடைசெய்யப்பட்ட பின் மீண்டு வந்தது. அதைக் காண, இலையுதிர்ந்து ஆறு தெளிவாகத் தெரியும் குளிர்காலமே ஏற்றது. வலசை வரும் சிறு பறவைகளுக்கு மே மாதம்.

படகுத்துறையிலிருந்து ஆற்றின் கிளை நீரோடைகள் வழியே சுமார் 6 மைல் நீளமுள்ள துடுப்புப் படகுப் பாதை சுற்றி வருகிறது. நீரில் நிற்கும் பட்ட மரங்களின் பொந்துகளைக் கவனித்தால், பொன்மஞ்சள் நிறப் புரோத்தோனோட்டரி கதிர்க்குருவி தென்படக்கூடும். வெள்ளக் காலத்தில் நீரோட்டம் வலுக்கும் என்பதால், ஆற்றின் நிலையைப் பூங்கா அலுவலகத்தில் விசாரித்த பின்னரே படகை இறக்குங்கள்.