பிள்ளையின் மதிப்பெண்ணை யாரிடமெல்லாம் கொடுக்கிறோம்? பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் 2023 முதல் தொடக்கப்பள்ளியிலும் உயர்நிலைப்பள்ளியிலும் எந்த வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்கு நிம்மதி, நமக்குத்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, துணைப்பாட (டியூஷன்) நிலையங்கள் வைக்கும் இலவசத் தேர்வுக்கு அழைத்துப் போகிறோம். பிள்ளை பேனாவை எடுப்பதற்கு முன்பே முதல் தவறு நடந்துவிடுகிறது.

முகப்பில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். பெயர், பள்ளி, வகுப்பு, சென்ற மதிப்பீட்டில் வாங்கிய மதிப்பெண், பிறப்புச் சான்றிதழ் எண், பெற்றோரின் வேலை, கைப்பேசி எண். அடியில் பொடி எழுத்தில், விளம்பரம் அனுப்பச் சம்மதம் என்று ஒரு வரி. பின்னால் ஆள் நிற்கிறாரே என்று மளமளவென்று நிரப்பிக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பிறப்புச் சான்றிதழ் எண்ணைக் கொஞ்சம் யோசியுங்கள். சிங்கப்பூர்க் குடிமகனான பிள்ளைக்கு 15 வயதில் கிடைக்கும் அடையாள அட்டையிலும் அதே எண்தான் இருக்கும். சட்டம் கேட்டாலோ, ஒருவர் இன்னார்தான் என்பதை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, தனியார் நிறுவனங்கள் இந்த எண்களை வாங்கக்கூடாது. 2019 செப்டம்பர் 1 முதல் இதுதான் விதி. கணக்குத் துணைப்பாடத்துக்கு அது எதற்கு? அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். கேட்டால், “இது எதுக்குங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். பல இடங்களில் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இதே பெற்றோர், அரசாங்கப் பள்ளி ஒரு தகவல் கேட்டால் மட்டும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவார்கள். 2012ல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் அரசாங்க அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது, அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. துணைப்பாட நிலையமும் கற்றல் செயலி விற்கும் நிறுவனமும்தான் அதற்குள் வருகின்றன. சட்டம் செல்லுபடியாகும் இடத்தில் வாய் திறக்காமல், செல்லாத இடத்தில் முழங்குகிறோம்.

பள்ளியிடம் கேட்க வேண்டியது வேறு. உயர்நிலை மாணவர்களின் கற்றல் சாதனத்தில் கண்காணிப்புச் செயலி இருக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகு அது எப்படி இயங்க வேண்டும் என்று முடிவுசெய்யப் பெற்றோருக்கும் தெரிவு உண்டு. பலர் அந்தக் கடிதத்தைப் படிப்பதே இல்லை. 2024ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில், அப்போது அப்படிப்பட்ட செயலியை வழங்கிவந்த மொபைல் கார்டியன் நிறுவனத்திலிருந்து 127 பள்ளிகளின் பெற்றோர், ஊழியர் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்தன. ஆகஸ்டில் அந்த நிறுவனத்தின் செயலி ஊடுருவப்பட்டு, 26 உயர்நிலைப்பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியையே நீக்கியது. வேறு எங்கும் சேமித்து வைக்காத பிள்ளைகளின் பாடக்குறிப்புகள் போனது போனதுதான். குறிப்புகளுக்கு வாரம் ஒருமுறையாவது இன்னொரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பள்ளியின் பெயரில் வரும் மின்னஞ்சல் இணைப்பை அவசரத்தில் தட்டாதீர்கள்.

இனி நவம்பர் மாதக் கூத்து. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவர்களின் பெயரை அறிவிப்பதை அமைச்சு 2012லேயே நிறுத்திவிட்டது. 2021ல், மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட பழைய டி-ஸ்கோரும் போய், ஒரு பாடத்தில் 90 அல்லது அதற்கு மேல் எடுத்தாலே முதல் நிலை என்றானது. நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்டி 4 முதல் 32 வரை ஓர் எண், அவ்வளவுதான். ஒரு மதிப்பெண்ணுக்கு அடித்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் இவ்வளவும். நாமோ முடிவுத்தாளைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுகிறோம். அத்தை அதைத் தன் குழுவுக்கு அனுப்ப, மாலைக்குள் சென்னைவரை போய்விடுகிறது. பெருமையாக இருந்தால் எண்ணை மட்டும் சொல்லுங்கள், அதையும் பிள்ளையிடம் கேட்டுவிட்டு. 12 வயதுப் பிள்ளைக்கு ஒளிக்க எதுவும் இருக்காது என்று நினைப்பது பெரியவர்களின் வசதி.

துணைப்பாடத்தை நிறுத்தும்போது வைப்புத்தொகையை மறக்காமல் கேட்டு வாங்குகிறோம், தகவலை விட்டுவிட்டு வருகிறோம். “சம்மதத்தை மீட்டுக்கொள்கிறோம், இனித் தேவைப்படாத மதிப்பெண் பதிவுகளை அழித்துவிடுங்கள்” என்று நிலையத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். அப்படி ஒருவரை நியமிப்பது அவர்களுக்குச் சட்டப்படிக் கட்டாயம். பதிலே வராவிட்டால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.