127.0.0.1: கொலுசுக் கடை பில்லிங்கை வைத்து லூப்பேக் பழகலாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்கு நீங்கள் பில்லிங் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லேப்டாப்பில் 127.0.0.1:8000 என்று அடித்தால் பில் பக்கம் ஜம்மென்று திறக்கிறது. எடை போடும் மேசையில் உள்ள கம்ப்யூட்டரில் அதையே அடித்தால் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. உடனே பழி ஒயர் மேல் விழும். பாவம், ஒயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஏன் என்று உபுண்டு லினக்ஸில் பார்ப்போம். இன்டர்நெட் வேண்டாம், மழைக்கு ஏற்காட்டில் சிக்னல் போன நேரத்தில்கூடச் செய்யலாம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

படி 1: வைஃபையை அணையுங்கள்

லேன் ஒயரையும் கழற்றிவிட்டு ‘பிங் 127.0.0.1’ அடியுங்கள் (பிங் என்பது ஒரு முகவரியிடம் ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் கட்டளை). பதில் வரும், அதுவும் ஒரு மில்லிசெகண்டுக்குள். கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மென்பொருளாகவே ஒரு இன்டர்ஃபேஸை (நெட்வொர்க் வாசலை) வைத்திருக்கிறது. அதன் பெயர் ‘எல்ஓ’, அதாவது லூப்பேக். உள்ளே போன பாக்கெட் (தகவல் துண்டு) அப்படியே திரும்பி, பெறும் பக்கத்துக்கு வந்துவிடும்.

படி 2: ரூட்டை (பாக்கெட் போகும் வழியை)ப் பாருங்கள்

‘ஐபி ரூட் ஷோ டேபிள் லோக்கல்’ என்று அடித்தால் 127.0.0.0/8 என்று ஒரு வரி ‘டெவ் எல்ஓ’வோடு வரும். ஒரே ஒரு முகவரி இல்லை, 1,67,77,216 முகவரிகள்! பிங் 127.8.9.10 அடித்துப் பாருங்கள், அதற்கும் பதில் வரும். மேக்கில் வராது, அங்கே 127.0.0.1 மட்டும்தான் இன்டர்ஃபேஸில் போடப்பட்டிருக்கும், மற்றதை நாமே சேர்க்க வேண்டும். விண்டோஸில் ‘ரூட் பிரிண்ட்’ அடித்தால் இதே 127.0.0.0 வரி தெரியும்.

லினக்ஸ் வழக்கமாக இந்த லோக்கல் டேபிளைத்தான் முதலில் பார்க்கும். அங்கேயே விடை கிடைத்துவிடுவதால் ரூட்டர் வரை பேச்சே போகாது.

படி 3: உங்கள் சொந்த ஐபி எந்த வழியில் போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வைஃபையைப் போடுங்கள். உங்கள் ஐபி 192.168.1.20 என்றால் ‘ஐபி ரூட் கெட் 192.168.1.20’ அடியுங்கள். வைஃபை கார்டின் பெயர் வரும் என்றுதானே நினைப்பீர்கள்? ‘டெவ் எல்ஓ’ என்றுதான் வரும். லோக்கல் டேபிளில் அந்த முகவரி கார்டின் பெயரோடு எழுதப்பட்டிருந்தாலும், பாக்கெட் போவது லூப்பேக் வழியாகத்தான். தன் வீட்டுக்கே எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவானேன்?

ஆகவே சொந்த ஐபிக்குப் பிங் அடித்துவிட்டு “கார்டு நன்றாக இருக்கிறது” என்று சொல்லாதீர்கள். கார்டைச் சோதிக்க ரூட்டருக்கோ பக்கத்து கம்ப்யூட்டருக்கோ பிங் அடியுங்கள்.

படி 4: பில்லிங் சர்வரைச் சரிசெய்யுங்கள்

எடை மேசைக் கம்ப்யூட்டரில் 127.0.0.1 என்றால் அது அந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கும். அங்கே 8000 என்ற போர்ட்டில் (கதவு எண்ணில்) எந்தப் புரோகிராமும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அதனால்தான் மறுப்பு. சரி, 192.168.1.20:8000 என்று அடித்தால்? சர்வர் 127.0.0.1-இல் மட்டும் பைண்ட் ஆகியிருந்தால், அதாவது அந்த முகவரிக்கு வருவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், அப்போதும் திறக்காது. ‘எஸ்எஸ் -டிஎல்என்’ அடித்து 8000-க்கு முன்னால் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 என்றிருந்தால் செட்டிங்கில் 192.168.1.20 என்றோ, எல்லா இன்டர்ஃபேஸுக்கும் பொதுவாக 0.0.0.0 என்றோ மாற்றி, சர்வரை மறுபடி கிளப்புங்கள். ஃபயர்வால் போட்டிருந்தால் 8000-ஐத் திறக்க வேண்டும்.

டேட்டாபேஸை மட்டும் இப்படித் திறந்துவிடாதீர்கள். பில்லிங் புரோகிராமும் டேட்டாபேஸும் ஒரே மெஷினில்தானே ஓடுகின்றன? அது 127.0.0.1-லேயே இருக்கட்டும். வெளியிலிருந்து 127 முகவரியோடு பாக்கெட் வந்தால் லினக்ஸ் இயல்பாகவே அதைத் தூக்கி எறிந்துவிடும். 0.0.0.0 போட்டுவிட்டால், ஏற்காடு ஹோம்ஸ்டே வைஃபையில் லேப்டாப்பைத் திறக்கும்போது அதே வைஃபையில் இருக்கும் யாரும் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று அடித்தால் மட்டும் திறக்கவில்லையா?

இந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கும் அந்தப் பெயர் 127.0.0.1-க்கு மட்டுமல்ல, ஐபிவி6-இன் (ஐபி முகவரி முறையின் புதிய பதிப்பு) லூப்பேக்கான ::1-க்கும் போகலாம். ஐபிவி6-இல் லூப்பேக்குக்கு இந்த ஒரு முகவரிதான். சர்வர் 127.0.0.1-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்து, கேட்பவர் ::1-க்குப் போனால் மறுப்புதான் வரும். நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) 17-ஆம் பதிப்பு வந்தபோது பலர் இதில் மாட்டினார்கள். பெயருக்குப் பதில் எண்ணையே எழுதிப் பாருங்கள். திறந்துவிட்டால் கோளாறு இதுதான்.