ஆட்டோமேஷன் சப்போர்ட்: போனில் செய்யக்கூடாத தவறுகள்

"சார், லைன் நின்னுடுச்சு" என்று தொழிற்சாலையிலிருந்து போன் வந்ததும் புதிதாகச் சப்போர்ட்டுக்கு வந்தவர் வாயில் முதலில் வருவது, "பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க". பாதி நேரம் லைன் ஓடியும்விடும். சிக்கலே அங்குதான். அடுத்த ஷிஃப்டில் அதே டிரிப் (கோளாறால் தானாக நின்றுவிடுவது) வரும்போது கையில் தடயம் எதுவும் இருக்காது. மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சியின் டயக்னாஸ்டிக் பஃபரில் (கோளாறுகளைக் குறித்து வைக்கும் நினைவகம்) இருக்கும் எல்லாப் பதிவும் பவர் போன பிறகும் தங்கும் என்று நம்ப முடியாது. ரீசெட்டுக்கு முன் பேனலை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். போட்டோ வேண்டாம், வீடியோ. விளக்கு மினுக்குகிறதா, நிலையாக எரிகிறதா என்பது போட்டோவில் தெரியாது.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் டிரிப் என்றால் ஃபால்ட் கோடு மட்டும் போதாது. ஓவர்வோல்டேஜ் என்று வைத்துக்கொள்வோம். 415 வோல்ட் சப்ளையில், டிரைவுக்குள் இருக்கும் டிசி பஸ் (ஏசி மின்சாரம் டிசியாக மாறி நிற்கும் பகுதி) சாதாரணமாக 585 வோல்ட் அருகே நிற்கும். மோட்டாரை வேகமாக நிறுத்தும்போது அதுவே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப, பஸ் 800 வோல்ட்டை ஒட்டி ஏறி டிரிப் ஆகும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, "ஓடும்போதா, நிறுத்தும்போதா?" நிறுத்தும்போது என்றால் டிசலரேஷன் (வேகம் குறையும்) நேரத்தையும், திரும்பி வரும் மின்சாரத்தை வெப்பமாக்கும் பிரேக்கிங் ரெசிஸ்டரையும் பாருங்கள். ஓடும்போது, அதுவும் லோடே மோட்டாரை இழுக்காத மெஷினில் என்றால், சப்ளை பக்கம் போங்கள். இதைக் கேட்காமல் டிரைவை மாற்றச் சொல்லி, புது டிரைவும் அதே கோடு காட்டிய கதைகள் நிறைய.

"நாங்க எதையும் மாத்தல சார்." யாரும் பொய் சொல்வதில்லை, சொல்பவருக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான். "என்ன மாத்தினீங்க?" என்பதைவிட "நேத்து பேனலை யார் திறந்தாங்க? பக்கத்துல வெல்டிங் நடந்ததா? புதுசா கேமரா, லேப்டாப் ஏதாவது நெட்வொர்க்குல போட்டாங்களா?" என்று கேட்டால் பதில் வரும். ஹெச்எம்ஐயின் (ஆபரேட்டர் திரை) ஐபி முகவரியையே புதுக் கேமராவுக்கும் கொடுத்துவிட்டு, கம்யூனிகேஷன் விட்டு விட்டுப் போகிறது என்று தேடுவது அடிக்கடி நடக்கும்.

அளவைக் கரன்ட்டாக அனுப்பும் 4-20 மில்லியாம்ப் சிக்னலில் பூஜ்ஜியம் என்றால் 4 மில்லியாம்ப். 0–10 பார் ட்ரான்ஸ்மிட்டர் திரையில் மைனஸ் 2.5 பார் காட்டினால் கணக்கு நேராகச் சொல்கிறது: கரன்ட்டே வரவில்லை. வயர், ஃபியூஸ், 24 வோல்ட் சப்ளை. ஸ்கேலிங் (கரன்ட்டை அளவாக மாற்றும் கணக்கு) தப்பு என்று புரோகிராமைத் திறந்து உட்கார்வது வீண்வேலை.

எனக்கு அதிகம் பயம் தருவது டவுன்லோடுதான், அதாவது லேப்டாப்பில் இருக்கும் புரோகிராமை பிஎல்சியில் ஏற்றுவது. 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் 2' என்று லேப்டாப்பில் மூன்று ஃபைல் இருக்கும். மெஷினில் ஓடுவது அந்த மூன்றில் எதுவுமே இல்லை என்பதும் நடக்கும். முதலில் அப்லோடு (பிஎல்சியில் இருப்பதை லேப்டாப்புக்கு எடுப்பது), பிறகு ஆன்லைன்-ஆஃப்லைன் ஒப்பீடு, அதன் பிறகே மாற்றம். முழு டவுன்லோடு செய்தால், ஆபரேட்டர்கள் மாதக்கணக்கில் ட்யூன் செய்து வைத்த செட்பாயின்ட்டுகள் பழைய ஆரம்ப மதிப்புக்குப் போய்விடலாம். சீமென்ஸ் எஸ்7-300 போன்ற பழைய பிஎல்சியில் அப்லோடில் கமென்ட்டும் சிம்பலும் வராது. ஒரிஜினல் ப்ராஜெக்டை யாரிடமாவது தேடிப் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

கார்டு இன்டர்லாக்கை (பாதுகாப்புக் கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் அமைப்பு) ஜம்பர் வயர் போட்டு முடக்கச் சொல்லி புரொடக்‌ஷன் மேனேஜர் எவ்வளவு அழுத்தினாலும் போனில் "சரி" சொல்லாதீர்கள். ரிமோட்டில் அவுட்புட்டை ஃபோர்ஸ் செய்யும்போது (புரோகிராமை மீறிக் கட்டாயமாக ஆன் அல்லது ஆஃப் செய்வது) மெஷின் பக்கத்தில் கை வைத்து நிற்பவர் உங்களுக்குத் தெரியமாட்டார். வைத்த ஃபோர்ஸை எடுக்க மறப்பது இன்னொரு ஆபத்து. டிரைவைத் திறக்கச் சொன்னால், பவரை எடுத்த பின் லேபிளில் எழுதிய நேரம் காத்திருந்து, டிசி பஸ்ஸை மீட்டரில் அளந்த பிறகுதான் தொடச் சொல்ல வேண்டும். திரை அணைந்தாலும் கெபாசிட்டரில் மின்சாரம் இருக்கும்.

டிக்கெட்டை மூடும்போது 'சால்வ்டு' என்று மட்டும் எழுதாதீர்கள். பார்ட் நம்பர், ஃபர்ம்வேர் பதிப்பு, எந்த நேரத்தில் எந்த கோடு, எதை மாற்றியபின் ஓடியது. அடுத்த முறை அந்த போனை எடுக்கப்போவது நைட் ஷிஃப்டில் இருக்கும் வேறொருவர்.