கை போன போக்கில் குவில்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அளவு குறிக்காமல், கை போன போக்கில் துணியை வெட்டி இணைக்கும் குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) முறையைப் புத்தகத்திலும் வீடியோவிலும் பார்த்துக் கற்பவர்கள், வெட்டுவதில் உள்ள சுதந்திரம் தைப்பதிலும் உண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். மற்றப் பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன. வெட்டு எப்படி வளைந்தாலும், தையல் ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளிச் சீராக ஓட வேண்டும். அது குறைந்த இடம் சில துவைப்புகளிலேயே பிரிந்துவிடும். 2 அங்குலப் பட்டைகள் பத்தை இணைத்தால் 20 அங்குலம் வரும் என்று கணக்கிடுவதும் தவறு. ஒன்பது இணைப்புகளில் ஒவ்வொன்றும், இருபுறமும் கால் அங்குலமாக, அரை அங்குலத்தை விழுங்குவதால், கையில் நிற்பது 15½ அங்குலம்தான்.

வளைவு வெட்டுவதில் நடக்கும் பிழை இன்னும் நுட்பமானது. இரண்டு துணிகளையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, ஓரங்களைச் சில அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, அந்தப் பகுதியில் இரண்டையும் சேர்த்து வெட்ட வேண்டும். வீடியோக்களில் பெரும்பாலும் இருபக்கமும் ஒன்றுபோல் தெரியும் வெற்றுநிறத் துணியைக் காட்டுவதால், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பது பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை. பூப்போட்ட துணியில் ஒன்றைக் கவிழ்த்து வைத்து வெட்டிவிட்டால், ஒரு வளைவு மற்றதன் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். எவ்வளவு இழுத்தாலும் பொருந்தாது.

சென்னை எம்.சி. ரோட்டில் வாங்கிய துணியையும், தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ தெருமுனை டெய்லரிடம் கேட்டு வாங்கிய வெட்டுத்துணியையும், பழைய கைலியையும் அப்படியே கலந்து தைக்கக் கூடாது. பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது. அடர்நிறக் கட்டம் போட்ட துணி சாயம் விடக்கூடும். தைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் தனித்தனியாக அலசிக் காயவைத்துவிடுங்கள்.

இஸ்திரி போடும் நேரத்தை வீடியோக்கள் வெட்டிவிடுவதால், கற்பவர்களும் அதை விட்டுவிடுகிறார்கள். ஒவ்வோர் இணைப்பையும் அடுத்ததற்குப் போகும் முன் அழுத்த வேண்டும். கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும் என்பதால், பெட்டியைத் தேய்க்காமல் வைத்து எடுப்பதே சரி.

புத்தகப் படத்தை அச்சு அசலாகப் பெயர்க்க முயல்வது இந்தக் கலைக்கே முரணானது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் தேய்ந்துபோன வேலை உடுப்புகளிலிருந்து உருவாக்கிய குவில்ட்கள், 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கையில் கிடைத்த துணியே அவற்றின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானித்தது. நம் வீட்டுக் கைலியும் வேட்டிக்கரையும் அதே மதிப்புக்குரியவை என்பது என் உறுதியான எண்ணம்; அவற்றின் அகலமும் கட்டமும் எங்கே வெட்டலாம் என்பதைச் சொல்லிவிடும்.

இணைத்துத் தைத்த ஒரு கட்டம் (குவில்ட்டின் ஒரு சதுரப் பகுதி) சிறிதாகிவிட்டால் பிரிக்க வேண்டாம். குறைந்த பக்கத்தில் ஒரு பட்டையைச் சேர்த்துத் தைத்து, அழுத்தி, அதன்பிறகு எல்லாக் கட்டங்களையும் ஒரே அளவுச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள்.