மேடைக்கு எந்த ட்யூனர் பெடல்? பெட்டியில் அச்சிட்ட எண் சொல்லாதவை

கோயில் திருவிழாக் கச்சேரியில் சுருதி சேர்க்கக் கிடைக்கும் நேரம், அறிவிப்பாளர் அடுத்த பாட்டின் பெயரைச் சொல்லி முடிக்கும் வரைதான். அதற்குள் ஆறு தந்தியையும் பார்த்தாக வேண்டும். பார்ப்பது ஒலிபெருக்கியில் கேட்கவும் கூடாது. சுருதி எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் கருவிதான் ட்யூனர். கிடாரின் தலையில் கவ்வி நிற்கும் கிளிப் ட்யூனர் வீட்டுக்குப் போதும். மேடையில் பக்கத்திலேயே டிரம்ஸ் முழங்கும்போது அந்த அதிர்வும் மரத்தின் வழியாக அதற்குள் புகுந்துவிடுகிறது. காலால் மிதித்து இயக்கும் பெடல் ட்யூனர், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வயர் வழியாக வருவதை மட்டுமே படிக்கிறது. மிதித்ததும் ஒலியை அடைத்தும் விடுகிறது. மதுரையில் ஒரு மெல்லிசைக்குழுவில் பல வருடங்களாகக் கிடாரும் மேண்டலினும் வாசிக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் "எந்தப் பெடல் வாங்கலாம் அண்ணே?" என்று கேட்கும்போது சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஒரு ஸ்தாயியை 1200 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். கிடார் கழுத்தில் பதித்த பக்கத்துப் பக்கத்து ஃபிரெட்டுக் கம்பிகளுக்கு இடையே 100 சென்ட். ஒலியைத் தனித்தனியாகக் கேட்டால் ஐந்து சென்ட் வித்தியாசம் பலருக்கும் பிடிபடாது. இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் காது கண்டுபிடிக்கும், ஒலி ஏறி இறங்கி விம்முவதால். 440 ஹெர்ட்ஸில் ஒரு சென்ட் என்பது சுமார் கால் ஹெர்ட்ஸ். ஒரு சென்ட் விலகிய இரண்டு தந்திகள் நான்கு வினாடிக்கு ஒரு தடவை விம்மும். மேடை இரைச்சலில் அது தெரியாது. பத்து சென்ட் விலகினால் வினாடிக்கு இரண்டரை விம்மல். அது கடைசி வரிசைக்கும் கேட்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்களை இந்த வெளிச்சத்தில் படியுங்கள். பாஸ் நிறுவனத்தின் டியூ-3 ஒரு சென்ட் துல்லியம் என்கிறது. டிசி எலெக்ட்ரானிக்கின் பாலிட்யூன் 3 சாதாரண முறையில் அரை சென்ட், ஸ்ட்ரோப் முறையில் (ஓடும் கோடுகளால் விலகலைக் காட்டுவது) 0.02 சென்ட் என்கிறது. பீட்டர்சன் ஸ்ட்ரோபோஸ்டாம்ப் எச்டி 0.1 சென்ட். இவற்றில் எதுவுமே கிடாருக்குக் குறைச்சல் இல்லை. கொஞ்சம் அழுத்தி மீட்டினாலே தந்தி சில சென்ட் மேலே போய்த்தான் இறங்குகிறது. 0.02-ஐத் தேடி ஓட வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தத் துல்லியத்தில் எவ்வளவு உங்கள் கண்ணுக்கு வந்து சேருகிறது என்பதை.

அதைக் கடையிலேயே சோதிக்கலாம். கைபேசியில் குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் தூய ஒலி எழுப்பும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் பின்னும் எண் போட முடிகிற செயலியாக இருக்கட்டும். ஹெட்போன் துளையிலிருந்து ட்யூனரின் உள்ளீட்டுக்கு ஒரு வயர் போடுங்கள். ஒலி அளவைப் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். கைபேசியின் ஒலியை நம்பலாமா என்று கேட்பார்கள். தாராளமாக நம்பலாம். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் தவறினாலும் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான் தவறும். ஒரு சென்ட் என்பதோ பத்து லட்சத்தில் ஏறத்தாழ 578 பங்கு.

இப்போது 440 கொடுங்கள். நடு விளக்கு எரிய வேண்டும். பிறகு 440.5 கொடுங்கள். இது இரண்டு சென்ட் கூடுதல். அதற்கும் "சரி" என்று பச்சை காட்டினால், 439.5-க்கும் அநேகமாக அதையே காட்டும். அப்படியென்றால் அந்தப் பெடலின் பச்சை விளக்கு குறைந்தது நான்கு சென்ட் அகலம்; பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அதுதான். நல்ல பெடலில் 440.5-க்கே விளக்கு ஒரு கட்டம் நகரும், அல்லது ஸ்ட்ரோப் மெல்ல ஊர ஆரம்பிக்கும். இந்த ஒரு சோதனை விளம்பரம் முழுவதையும்விடப் பயனுள்ளது.

ஸ்ட்ரோப் என்பது புதுச் சங்கதி இல்லை. அமெரிக்காவின் கான் நிறுவனம் 1936-லேயே சுழலும் தட்டுகள் வைத்து ஸ்ட்ரோபோகான் என்ற கருவியைச் செய்தது. தந்தியும் கருவியும் ஒத்துப்போனால் கோடுகள் நின்றுவிடும். விலகினால் விலகிய அளவுக்கு வேகமாக ஓடும். முள்ளோ விளக்கோ காட்டாத நுண்ணிய விலகலும் இதில் தெரியும். மேடை அவசரத்தில் சிலருக்கு இந்த ஓட்டம் கண்ணை அலைக்கழிக்கிறது. எனக்கும் பாட்டுக்கு நடுவே சாதாரண விளக்கு வரிசையே வசதி. ஒத்திகையிலும் ஃபிரெட் சரிபார்க்கும்போதும் ஸ்ட்ரோப்.

அடுத்தது கனத்த தந்தி. கிடாரின் தடித்த ஈ தந்தி 82.4 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி பேஸ் கிடாரின் கீழ் பி 30.9 ஹெர்ட்ஸ். அதன் ஒரு அதிர்வுக்கே 32 மில்லிவினாடி ஆகிறது, ட்யூனர் பல அதிர்வுகளைப் பார்த்துத்தான் முடிவு சொல்லும். மலிவான பெடல்கள் தடுமாறுவது இங்கேதான்: விளக்கு குதிக்கும், சில நேரம் வேறு ஸ்வரத்தையே காட்டும். ஆகவே கடைக்கு உங்கள் கருவியையே கொண்டுபோங்கள். கழுத்துப் பக்கத்து பிக்கப்பை வைத்து, டோன் குமிழைக் குறைத்து, கட்டைவிரலின் சதையால் மென்மையாக மீட்டுங்கள். அப்படியும் நிலைக்காவிட்டால் அந்தப் பெடல் வேண்டாம். ஒரு ட்யூனரில் விளக்கு அசையாமல் நிற்பதை மட்டும் பார்த்து மயங்கவும் கூடாது. முறுக்காணியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். தந்தி நகர்ந்து அரை வினாடி கழித்து விளக்கு நகர்ந்தால், அது மெதுவான ட்யூனர்.

பாலிட்யூனில் ஆறு தந்தியையும் ஒருசேர மீட்டினால் எது விலகியிருக்கிறது என்று காட்டிவிடும். 2010-ல் அது வந்தபோது எங்கள் பக்கத்துக் கிடார்காரர்களுக்குப் பெரிய ஆச்சரியம். விலகிய தந்தியை அடையாளம் காண அது போல வேகமானது இல்லை. சரிசெய்வதை மட்டும் ஒவ்வொரு தந்தியாகவே செய்யுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். ஆர்மோனியமோ நாதஸ்வரமோ கூட வாசிக்கும் மேடையில் அவர்கள் சுருதிக்குத்தான் நாம் போக வேண்டும்; ஆர்மோனியத்தின் ரீடை மேடையில் யாரும் திருத்த மாட்டார்கள். பாடகரும் சரியாக ஒன்றரைக் கட்டையிலோ (கட்டை என்பது பாடகரின் ஆதார சுருதி அளவு), அடுத்த படியான இரண்டு கட்டையிலோ பாடுவார் என்று சொல்ல முடியாது; நடுவில் எங்காவது நிற்பார். ஆகவே ட்யூனரின் அடிப்படைச் சுருதியை, அதாவது ஏ ஸ்வரத்துக்கு அது வைத்திருக்கும் 440 ஹெர்ட்ஸை, எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்று கேளுங்கள். பாஸ் டியூ-3-ல் 436 முதல் 445 வரை. சென்ட் கணக்கில் இது கீழே 16, மேலே 20 மட்டுமே. ஆர்மோனியத்துக்கு அநேகமாகப் போதும். ஒன்றரைக்கும் இரண்டுக்கும் சரிநடுவே நிற்கும் பாடகருக்கு 50 சென்ட் வேண்டும், அதாவது சுமார் 427.5 அல்லது 453. அங்கே அது எட்டாது. பீட்டர்சன் 390 முதல் 490 வரை போகிறது. கர்நாடக இசைக்கு மின்வயலினோ மேண்டலினோ வாசிப்பவர்கள் விலை கூடினாலும் இதற்காகவே அதை எடுக்கலாம்.

வயலின்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ச-ப-ச-ப என்று சேர்க்கும்போது தம்புராவோடு ஒட்டி நிற்கும் பஞ்சமம் ஷட்ஜத்திலிருந்து 702 சென்ட். ட்யூனரோ பியானோ கணக்கில் 700 என்று வைத்திருக்கிறது. எனவே காதுக்குச் சரியான பஞ்சமம் ட்யூனரில் இரண்டு சென்ட் மேலே காட்டும். அது சரிதான், இறக்காதீர்கள். ஒரு ஷட்ஜத்தை மட்டும் ட்யூனரில் வைத்துக்கொண்டு மற்றதைத் தம்புராவோடு காதால் சேருங்கள். கிடாரில் நேர்மாறு: ஜி தந்திக்கும் பி தந்திக்கும் இடையே காதுக்கு இனிக்கும் அந்தரகாந்தாரம் 386 சென்ட், ஃபிரெட்டுகள் 400-க்கு அடித்தவை. திறந்த தந்தியில் காதால் சேர்த்தால் மற்ற கார்டுகள் (பல தந்திகளை ஒருசேர மீட்டும் ஸ்வரக் கூட்டுகள்) கெடும். அங்கே ட்யூனர் சொல்வதையே கேளுங்கள்.

மேண்டலினுக்கு நான் மிகவும் கறாராக இருப்பேன். இரட்டைத் தந்திகள் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். நான்கு சென்ட் அகலப் பச்சை விளக்கில் ஒரு தந்தி இந்த ஓரம், அடுத்தது அந்த ஓரம் நின்றால், 659 ஹெர்ட்ஸ் ஈ தந்திகள் வினாடிக்கு ஒன்றரை முறை விம்மும். முதல் தந்தியைப் பெடலில் வைத்து, அதன் இணையை விம்மல் அடங்கும்வரை காதால் சேர்ப்பதே வழி.

மின்சாரம், வயர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். திருவிழா மேடையில் ஜெனரேட்டர் மின்சாரம்தான்; மட்டமான அடாப்டர் இரைச்சலைக் கூட்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெடலைக் கிடாருக்கு அடுத்து முதலாவதாக வையுங்கள்; ஒலியை அலைபாய வைக்கும் கோரஸ் பெடலுக்குப் பின்னால் வைத்தால் ட்யூனர் குழம்பும். நீளமான வயர்களும் நிறைய பெடல்களும் இருந்தால் பஃபர் (சிக்னல் வலுவிழக்காமல் காக்கும் சுற்று) உள்ளதை எடுங்கள், ஒலியின் கூர்மை மங்காது. வயலினில் ஒட்டும் பீசோ பிக்கப் என்றால் அதன் சிக்னலை வலுப்படுத்தும் ப்ரீஆம்ப் முதலில், ட்யூனர் அதன் பிறகு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்கள், அம்புக்குறியோ நகரும் கோடோ காட்டும் திரையைத் தேர்ந்தெடுங்கள். மாலை வெயில் நேராக விழும் மேடைகளும் உண்டு, ஆகவே கடையின் வாசலுக்கு எடுத்துவந்து திரை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கிடார் மட்டும் வாசிப்பவருக்கு டியூ-3 போன்ற ஒன்று போதும். மிச்சப் பணத்துக்கு நல்ல தந்தியும் வயரும் வாங்கலாம். பாட்டுக்குப் பாட்டு அவசரமென்றால் பாலிட்யூன். மேண்டலின், வயலின், கட்டை மாறும் பாடகர்கள் என்றால் ஸ்ட்ரோபோஸ்டாம்ப். பேஸ்காரர் கீழ் பி தந்தியில் சோதிக்காமல் எதற்கும் பணம் கட்ட வேண்டாம்.