நோயை மறைத்ததாக அமெரிக்கப் படையிலிருந்து விலக்கல் அறிவிப்பு வந்தால்

அமெரிக்கப் படையில் சேர்ந்த பிறகு பழைய ஆஸ்துமாவோ மனச்சோர்வுக்கு எடுத்த சிகிச்சையோ தெரியவந்து, மோசடியாகச் சேர்ந்ததாக விலக்கல் அறிவிப்பு கைக்கு வந்தால், முதலில் செய்ய வேண்டியது எவரிடமும் எதையும் விளக்கப் புகாமல் இருப்பதுதான். மோசடிச் சேர்க்கை இராணுவ நீதிச் சட்டத்தின் 104ஏ பிரிவின்கீழ் தண்டனைக்குரிய குற்றமும் ஆகும் என்பதால், மேலதிகாரியிடம் நல்லெண்ணத்தில் சொல்லும் ஒரு வாக்கியம்கூடச் சான்றாகிவிடலாம். பேசாமலிருக்கும் உரிமையை அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு தருகிறது. உங்கள் சார்பில் வாதாடக் கட்டணமின்றிக் கிடைக்கும் படைத்தரப்பு வழக்கறிஞரைப் பார்க்கும் வரை, உரிமைகளை விட்டுக்கொடுப்பதாகக் கூறும் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

வழக்கின் உயிர்நாடி இரண்டு கேள்விகளில் உள்ளது: மறைத்ததாகச் சொல்லப்படும் நோய் உண்மையிலேயே தகுதியிழக்கச் செய்வதா, அதை நீங்கள் தெரிந்தே மறைத்தீர்களா என்பவை. ஆஸ்துமாவை எடுத்துக்கொண்டால், 13 வயதுக்குப் பிறகும் இருந்ததே படையின் மருத்துவ விதிகளின்படி தடையாகும். எட்டு வயதில் குணமானது தடையாகாது. 2022 முதல் எம்.எச்.எஸ். ஜெனிசிஸ் என்ற மின்பதிவு முறை வெளி மருத்துவமனைக் குறிப்புகளையும் மருந்துச் சீட்டுகளையும் திரட்டித் தருகிறது. சளிக்கு எழுதித் தந்த இன்ஹேலர்கூட அதில் ஆஸ்துமாவின் அடையாளமாகத் தோன்றக்கூடும். ஆகவே அன்று பார்த்த மருத்துவரின் மூலக் குறிப்பை வரவழைத்து, சேரும்போது நிரப்பிய டி.டி. 2807-2 என்ற மருத்துவ வரலாற்றுப் படிவத்தின் கேள்விகளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். மறைக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று காட்ட முடிந்தால், அது மோசடி அன்று, தவறுதலான சேர்க்கை மட்டுமே என வாதிடலாம். ஆட்சேர்ப்பு அதிகாரியே "எழுத வேண்டாம்" என்று சொல்லியிருந்தால், அந்தக் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

எந்த வகை விலக்கல் என்பதில் மிகுந்த கவனம் தேவை. கண்ணியக்குறைவான வகையைத் தர உத்தேசித்தால், விசாரணைக் குழுமுன் வாதிடும் வாய்ப்பை உங்களுக்கு அளித்தாக வேண்டும், அதைக் கைவிடாதீர்கள். கிரீன் கார்டோடு சேர்ந்து, படைச்சேவையின் பேரில் குடியுரிமை பெற்ற நம்மவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: ஐந்தாண்டு கண்ணியமான சேவை நிறைவதற்குள் அவ்வகையில் விலக்கப்பட்டால், அந்தக் குடியுரிமையையே ரத்துசெய்யச் சட்டம் இடமளிக்கிறது.

விலக்கல் முடிந்துவிட்டாலும் டி.டி. 214 என்ற படைவிலகல் சான்றிதழில் எழுதப்பட்ட காரணத்தையும் வகையையும் மாற்றக் கோரி, 15 ஆண்டுகளுக்குள் டி.டி. 293 படிவத்தில் மறுஆய்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.