மதிய விருந்தில் ஆறு ஒயின்கள்: ஜோடி ஜோடியாக ருசித்து ஒப்பிடுவது எப்படி?

நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டில் வாங்கி வந்து, கைக்கு வந்த வரிசையில் திறந்து, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் மூன்றாவது பாட்டிலுக்குமேல் எதுவும் தனியாக நினைவில் நிற்காது. "நல்லா இருந்துச்சு", "கொஞ்சம் புளிப்பு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாட்டில்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் கோளாறு. திராட்சை, ஊர், தயாரிப்பு, விலை எல்லாமே ஒரேயடியாக மாறும்போது எந்த ருசி எதனால் வந்தது என்று பிடிக்கவே முடியாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டிரண்டாக ருசித்துப் பாருங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே முடிந்தவரை ஒரு விஷயம் மட்டும் மாறட்டும்.

கீழே உள்ள கணக்கு எட்டுப் பேருக்கு, ஆறு பாட்டில்களுக்கு.

எந்த ஆறு?

முதல் ஜோடி சாவிஞான் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சை. ஒன்று நியூசிலாந்தின் மார்ல்பரோ, மற்றது பிரான்சின் லுவார் ஆற்றங்கரை ஊரான சான்சேர். திராட்சை ஒன்றே, ஊர் மட்டும் வேறு. மார்ல்பரோ பாட்டிலைத் திறந்ததும் பழுத்த கொய்யா மணம் வரும். சான்சேர் எலுமிச்சைத் தோலும் நனைந்த கல்லுமாக அடக்கமாக இருக்கும். சான்சேர் லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது. அதே பெயரில் பினோ நுவார் திராட்சையில் செய்த சிவப்பு ஒயினும் விற்கிறது. நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது ஜோடி ஷார்டனே. ஒரே நாட்டின் இரண்டு பாட்டில்கள்: லேபிளில் 'அன்ஓக்ட்' (ஓக் மரம் படாதது) என்று போட்டது ஒன்று, ஓக் மரப் பீப்பாயில் வைத்தது ஒன்று. ஆஸ்திரேலிய ஷார்டனேயில் இரண்டுமே கிடைக்கும். பலரும் இங்கே பிரான்சின் ஷாப்ளி ஊர் ஷார்டனேயையும் கலிபோர்னியா ஷார்டனேயையும் எதிரெதிரே வைப்பார்கள். நல்ல ஒயின்கள்தான், ஆனால் தட்பவெப்பமும் பீப்பாயும் சேர்ந்தே மாறிவிடுவதால் தொடக்கக்காரருக்குக் குழப்பம்.

மூன்றாவது ஜோடி சிவப்பு: பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் சிரா திராட்சையில் செய்யும் குரோஸ் எர்மிடாஜ், ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ். சிரா என்பதும் ஷிராஸ் என்பதும் ஒரே திராட்சையின் இரண்டு பெயர்கள். ஒன்று மிதமான வெப்பத்தில் பழுத்தது, மற்றது நல்ல வெயிலில் பழுத்தது. லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். குரோஸ் எர்மிடாஜில் பொதுவாக 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும், பரோசாவில் 14.5-ஐத் தொடுவது சாதாரணம்.

சான்சேரும் குரோஸ் எர்மிடாஜும் கிடைக்காத ஊரில் நாசிக் சாவிஞான் பிளாங்கை மார்ல்பரோவுக்கும், நாசிக் ஷிராஸை பரோசாவுக்கும் எதிரே வையுங்கள். ஒப்பீடு ஒன்றும் குறைந்துவிடாது. ஜோடிக்குள் விலை மட்டும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கட்டும்.

முந்தின நாள் வேலை

ஜோடி ஜோடியாகப் போவதால் ஆளுக்கு இரண்டு கிளாஸ் போதும், மொத்தம் 16. எல்லாம் ஒரே வடிவில், வாய்ப்பக்கம் குறுகியதாக இருக்க வேண்டும். வாய் அகன்ற டம்ளரில் மணம் தங்காது. அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் மர வாடையும், சோப்பு போட்டுக் கழுவியதில் சோப்பு வாடையும் ஒட்டியிருக்கும். வெந்நீரில் அலசி, நிமிர்த்தி வைத்து உலரவிடுங்கள். வெறும் கிளாஸை முகர்ந்தால் எதுவும் மணக்கக் கூடாது.

ஓர் ஆளுக்கு, ஓர் ஒயினுக்கு 40 மி.லி. சமையலறை அளவுக் குவளையில் 40 மி.லி. தண்ணீர் எடுத்து கிளாஸில் ஊற்றி, அது நிற்கும் உயரத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுங்கள். மறுநாள் ஊற்றுகிறவருக்கு அதுதான் அளவு. ஒரு பாட்டிலில் 750 மி.லி. இருக்கும். எட்டுப் பேருக்கு 320 போக 430 மி.லி. சாப்பாட்டுக்கு மிஞ்சும்.

ஆளுக்கொரு எவர்சில்வர் சொம்பும் வேண்டும், துப்புவதற்கு. விருந்தில் துப்பக் கூச்சமாக இருக்கும் என்பது தெரியும். ஆனால் ஆறையும் விழுங்கினால் 240 மி.லி. ஆகிறது. அதிலுள்ள ஆல்கஹால் ஒரு லார்ஜ் விஸ்கியைவிட அதிகம், அதுவும் வெறும் வயிற்றில். ஐந்தாவது கிளாஸில் நாக்கும் மூக்கும் மழுங்கிவிடும். ஒயினைத் தொழிலாக ருசிப்பவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்கிறார்கள். உள்ளே தெரியாத சொம்பாக இருந்தால் கூச்சம் பாதி போய்விடும். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், பிறகு சாப்பாட்டோடும் குடிக்கப் போகிறீர்கள். இந்தியாவில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். வந்தவர்கள் திரும்பிப் போக ஆட்டோவோ காரோ முன்பே பேசி வையுங்கள்.

குளிர்ச்சி: அதிகம் கெடுவது இங்கேதான்

'சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறு' என்ற பேச்சு ஐரோப்பியக் குளிர் வீடுகளில் பிறந்தது. நம் ஊர் அறையின் 30 டிகிரியில் பரோசா ஷிராஸை ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும். சாதாரண அறையில் இருந்த பாட்டிலை ருசிக்குமுன் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வெள்ளைக்கு எதிர்மாறான தவறு நடக்கிறது. ஃபிரிட்ஜின் 4 டிகிரியிலிருந்து நேராக ஊற்றினால் மணமே எழும்பாது. பீப்பாய் ஷார்டனே வெறும் கசப்புத் தண்ணீர்போல இருக்கும். சாவிஞான் பிளாங்க் 8 முதல் 10 டிகிரி, ஷார்டனே 10 முதல் 12. முதலாவதைப் பத்து நிமிடம், இரண்டாவதை இருபது நிமிடம் முன்னதாக வெளியே எடுத்தால் சரியாக வரும். குளிர வைக்க மறந்துவிட்டால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டுக் கழுத்துவரை முக்குங்கள். இருபது நிமிடம் போதும். ஐஸ் மட்டும் போட்டால் இடைவெளிகளில் காற்றுதான் இருக்கும், நேரம் இழுக்கும்.

லேபிளை மறைப்பது

ஒருவர் திறந்து, முகர்ந்து, செய்தித்தாளைக் கழுத்துவரை சுற்றி ரப்பர் பேண்ட் போடட்டும். திருகு மூடி பாட்டிலைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் கழுத்தையும் மறைக்க வேண்டும். அவர் வெளியே போனபின் இன்னொருவர் ஒவ்வொரு ஜோடியிலும் 1, 2 என்று எழுதட்டும். இப்போது எது எதுவென்று ஒருவருக்கும் தெரியாது.

இது விளையாட்டுக்காகச் செய்வதல்ல. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு, மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால்தான் அவர்கள் விவரித்தார்கள். கண் பார்த்ததை மூக்கு நம்பிவிடுகிறது. லேபிளும் விலையும் அதே வேலையைச் செய்யும்.

திறப்பவர் முகரும்போது கவனிக்க வேண்டியது: மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அந்த பாட்டில் கார்க்கால் கெட்டது. காற்றுபட வைத்தாலும் சரியாகாது, ஒதுக்கிவிடுங்கள். நகப்பூச்சோ வினிகரோ மணந்தாலும் அப்படியே. தீக்குச்சி உரசிய நெடி மட்டும் என்றால் பயமில்லை, கிளாஸில் சுழற்றினால் போய்விடும். அடியில் கண்ணாடித்தூள்போல் மின்னுவது திராட்சையின் அமில உப்பு, கெடுதல் செய்யாது.

ருசிக்கும் முறை

அரை மணி நேரத்துக்குமுன் காபி, வெற்றிலை, மிண்ட் எதுவும் வேண்டாம். சென்ட், மல்லிகைப்பூ, சாம்பிராணி அறையில் இருக்கக் கூடாது. மீன் வறுவல் முன்பே முடிந்து சமையலறைக் கதவு சாத்தியிருக்கட்டும். தலைக்குமேல் ஃபேன் வேகமாகச் சுற்றினால் கிளாஸிலிருந்து எழும் மணம் முகத்துக்கு வருமுன்பே கலைந்துவிடும்.

இரண்டு கிளாஸையும் வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். நீளமாக இழுக்காமல் சின்னச்சின்ன மூச்சாக இழுத்தால் மூக்கு களைக்காது. ஒரு தேக்கரண்டியளவு வாயில் வைத்து எல்லா இடமும் படும்படி உருட்டி, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சித் துப்புங்கள். முதல் மிடறை நம்ப வேண்டாம், வாய் பழகுவதற்கு அது. இரண்டாவது மிடறில்தான் எழுதத் தொடங்க வேண்டும்.

புளிப்பை அளக்க, துப்பியபின் தலையைக் குனிந்து பாருங்கள். கன்னத்தின் இரு பக்கமும் எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. சிவப்பு ஒயினில் ஈறும் மேல்வரிசைப் பல்லும் வறண்டு இழுப்பதுதான் டானின். ஆங்கிலத்தில் இதைப் பழக்கப் பலமுறை விளக்க வேண்டியிருக்கும். அறுசுவையில் துவர்ப்பை வைத்த நமக்கு நெல்லிக்காயும் பாக்கும் வாழைப்பூவும் போதும். கனத்துக்குத் தண்ணீர், மோர், பால் என்று மூன்று படி வைத்துக்கொள்ளலாம். கடைசியில் ருசி வாயில் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள்.

ஐந்து நிமிடம் ஒருவரும் பேசக் கூடாது, எழுத மட்டும் செய்யலாம். யாராவது "கொய்யா வாசனை" என்று சொல்லிவிட்டால் மேசை முழுக்கக் கொய்யா மணக்கத் தொடங்கிவிடும். நேரம் முடிந்ததும் படித்துப் பாருங்கள். சொல் கிடைக்காமல் தவிப்பவர்களுக்காக நடுவில் சின்னக் கிண்ணங்களில் எலுமிச்சைத் தோல், கொய்யா, வெண்ணெய், கிராம்பு, இடித்த மிளகு வையுங்கள். பீப்பாய் ஷார்டனேயில் வெண்ணெயும், சிராவில் மிளகும் பலருக்குப் பிடிபடும். மிளகு வெறும் உவமை இல்லை. நாம் அரைக்கும் மிளகின் மணத்துக்குக் காரணமான ரோட்டன்டோன் என்ற வேதிப்பொருள்தான் சிராவிலும் இருக்கிறது, குளிர்ந்த இடத்தில் விளைந்ததில் கூடுதலாக. ஐந்தில் ஒருவருக்கு அதன் மணம் தெரிவதே இல்லை. "மிளகே வரலையே" என்பவரைத் திருத்தப் பார்க்காதீர்கள்.

ஜோடிக்கு ஜோடி தண்ணீரும், உப்பில்லாத பிரெட் துண்டோ ஒரு வாய் வெறும் சோறோ போதும். அதன்பின் செய்தித்தாளைப் பிரியுங்கள்.

இலை போடுமுன் ஒரு சின்னச் சோதனை

மூன்றாவது ஜோடியை மிச்சம் வைத்துக்கொண்டு உப்பு, எலுமிச்சை, சர்க்கரை, மிளகாய்த்தூள் நான்கையும் ஒவ்வொன்றாக நாக்கில் தொட்டு, உடனே ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். உப்புக்குப்பின் துவர்ப்பு அடங்கும். எலுமிச்சைக்குப்பின் ஒயினின் புளிப்பு காணாமல் போய்ச் சப்பென்றாகும். சர்க்கரைக்குப்பின் ஒயின் புளித்துக் கசக்கும். மிளகாய்க்குப்பின் 14.5 சதவீத பரோசா தொண்டையை எரிக்கும்.

விருந்தின் வரிசையை இதுவே சொல்லிவிடும். எலுமிச்சை பிழிந்த கொடுவா வறுவலுக்கு சாவிஞான் பிளாங்க். தேங்காய்ப்பால் சொதிக்குப் பீப்பாய் ஷார்டனே. மிளகாயைக் குறைத்து மிளகு தூக்கலாகச் செய்த ஆட்டுக்கறிக்கு குரோஸ் எர்மிடாஜ். மத்தியும் அயிலையும் சிவப்பு ஒயினோடு வேண்டாம். ஒயினிலுள்ள இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்து கவிச்சி அடிக்கும். வத்தக்குழம்பு, ரசம், ஊறுகாய், பாயசம் எல்லாம் கிளாஸ்களை எடுத்த பிறகு வரட்டும். காரம் குறைக்கவே முடியாத வீடென்றால் ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயினில் லேசான இனிப்புள்ள ஒன்றை ஏழாவதாக வாங்கி வையுங்கள்.

மிஞ்சியதை அன்றே தீர்க்க வேண்டியதில்லை. மூடி போட்டு, நிற்க வைத்து, சிவப்பையும் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். பாதிக்குமேல் காலியானதைச் சின்ன பாட்டிலில் வாய்வரை நிரப்பி மூடினால் காற்று படுவது குறையும். மறுநாள் அதே தாளை எடுத்து, சிவப்பு இரண்டையும் குளிர் தணியவிட்டு மீண்டும் ருசித்து, துவர்ப்பைப் பற்றி நேற்று எழுதியதற்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.